இருபது இணைப்புகள்: வீட்டில் அலுமினியச் சாய்தளம் பற்றவைத்த அனுபவம்

சென்ற ஆவணி மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பற்றவைத்த அலுமினியச் சாய்தளத்தின் நடுப்பகுதியில் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை ஏழு என்ற கணக்கில் நிறுத்தி, அடியில் அளவுகோலைப் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறைய 147 கிலோ எடையைத் தாங்கிய நிலையில் நடுச்சட்டம் 4 மி.மீ. தாழ்ந்தது, கேன்களை இறக்கியதும் பழைய இடத்துக்கே திரும்பியது. இந்த 4 மி.மீ.யை எட்டுவதற்கு எனக்கு மூன்று மாதங்களும், வீணான இரண்டு கம்பிச் சுருள்களும், கழுத்தில் தோலுரிந்த ஒரு வாரமும் தேவைப்பட்டன.

அப்பா சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகு வாசற்படியின் 15 செ.மீ. உயரம் பெரிய தடையாகிவிட்டது. சிமெண்டில் சரிவு கட்ட இடமில்லை. படிக்கு அடுத்த அடியே தெரு. ஆகவே வேண்டும்போது போட்டு, வேலை முடிந்ததும் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைக்கும்படியான சாய்தளமே வழி. 3 மி.மீ. செக்கர் தகடும் (வழுக்காதபடி மேடுகள் பதித்த தகடு), 38 மி.மீ. சதுரக் குழாயில் 2 மி.மீ. கனமுள்ள சட்டமுமாகக் கணக்கிட்டால் அலுமினியத்தில் 19 கிலோ வரும். அதே அளவுகளை இரும்பில் செய்தால் 55 கிலோவைத் தாண்டும். அம்மாவும் நானுமாகச் சேர்ந்து 19 கிலோவைத் தூக்கலாம். 55 கிலோவை ஒவ்வொரு முறையும் தூக்குவது நடவாத காரியம். கோவையில் அலுமினியச் சட்டங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் விலை கேட்டபோது 16,000 ரூபாய் சொன்னார்கள். என்னிடம் ஏற்கெனவே இரும்பு வேலைக்காக வாங்கிய 200 ஆம்பியர் மிக் (MIG) இயந்திரம், அதாவது நிரப்புக் கம்பியைத் தானே தள்ளிக்கொடுக்கும் பற்றவைப்பு இயந்திரம், இருந்ததால், அதை வைத்து நாமே செய்துவிடலாம் என்ற துணிச்சல் வந்தது.

வடிவம் எளிமையானது. 160 செ.மீ. நீளமுள்ள மூன்று நெடுஞ்சட்டங்கள், அவற்றுக்கிடையே ஐந்து இடங்களில் குறுக்குச் சட்டங்கள், மேலே 180 செ.மீ.க்கு 80 செ.மீ. தகடு. தகட்டின் கடைசி 20 செ.மீ. சட்டத்தைத் தாண்டி நீண்டு, தரையைத் தொடும்படி கீழே மடங்கும். அதை நாக்கு என்றே குறிப்பிடுகிறேன். சக்கரம் பக்கவாட்டில் இறங்கிவிடாமல் இருக்க இரு விளிம்பிலும் 25 மி.மீ. எல் கோணம். குறுக்குச் சட்டங்கள் நெடுஞ்சட்டங்களைச் சந்திக்கும் இணைப்புகளை எண்ணினால் இருபது வரும். என் கதை முழுவதும் இந்த இருபது இணைப்புகளைப் பற்றியதுதான்.

கம்பியைக் கையால் ஊட்டி, டங்ஸ்டன் முனையால் உருக்கும் முறைக்கு டிக் (TIG) என்று பெயர். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் டிக் என்று யாரும் சொல்வதில்லை. அது 'ஆர்கான் வெல்டிங்'. மிக் என்பது 'சி.ஓ.டூ. வெல்டிங்'. இந்த வழக்குப் பெயரே என் முதல் தவறுக்கு வித்திட்டது. இரும்புக்காக வைத்திருந்த சிலிண்டரில் எண்பது பங்கு ஆர்கானும் இருபது பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு இருந்தது. பெரும்பகுதி ஆர்கான்தானே, சோதனைக்குப் போதாதா என்று அதையே திறந்தேன். வந்தது பற்றவைப்பு அன்று. கரி பூசிய புழுக்களின் வரிசை. சூடான அலுமினியம் கார்பன் டை ஆக்சைடிலுள்ள ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்ளும். மிக் ஆனாலும் டிக் ஆனாலும் அலுமினியத்துக்குப் பொதுவாகத் தூய ஆர்கான்தான். முன்பணம் 6,000 ரூபாய் கட்டி, 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிறு சிலிண்டர் ஒன்றை எடுத்தேன். 150 பார் அழுத்தத்தில் அதில் ஏறக்குறைய 1,500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் திறந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். மிக்குக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் வேண்டியிருப்பதால் அதில் பாதி நேரமே வரும்.

அடுத்த தவறு கம்பியில். 0.8 மி.மீ. தடிமனில் 4043 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவைக் கம்பியை வாங்கி, இரும்புக் கம்பிக்குப் பயன்படுத்திய அதே மூன்று மீட்டர் டார்ச்சில் (கம்பி வந்து சேரும் குழலும் கைப்பிடியும்) ஏற்றினேன். விசையை அழுத்திய பத்தாவது வினாடியில் கம்பியைத் தள்ளும் உருளைகளுக்குப் பக்கத்தில் கம்பி சுருண்டு, காக்கைக் கூடு போல ஆகிவிட்டது. வெட்டி எடுத்து, மீண்டும் ஏற்றி, மீண்டும் கூடு. 4043 கம்பி மிகவும் மென்மையானது. மூன்று மீட்டர் குழலுக்குள் அதைத் தள்ளுவது ஈர நூலை ஊசித்துளை வழியே தள்ளுவதற்குச் சமம். இரும்புக்கான உருளையின் வி வடிவப் பள்ளம் அதை நசுக்கவும் செய்கிறது. யு வடிவப் பள்ளமுள்ள உருளை, டார்ச்சுக்குள் இரும்புச் சுருளுக்குப் பதிலாக டெஃப்லான் உறை, சற்று விறைப்பான 5356 கம்பி, அதுவும் 1.0 மி.மீ. தடிமனில், அத்துடன் கம்பி சூட்டில் விரிந்து சிக்காதபடி ஓரளவு பெரிய துளையுள்ள நுனி என்று எல்லாவற்றையும் மாற்றிய பிறகு கூடு கட்டுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. டார்ச்சைச் சற்று வளைத்துப் பிடித்தாலே கம்பி தடுமாறியது. கடைசியில் நண்பர் ஒருவர் தம்முடைய ஸ்பூல் கன்னை இரவல் தந்தார். அரை கிலோ கம்பிச் சுருள் டார்ச்சின் கைப்பிடியிலேயே உட்கார்ந்திருப்பதால் கம்பி ஒரு சாண் தொலைவு பயணம் செய்தாலே போதும். கூடு அன்றோடு ஒழிந்தது. முதலிலேயே இதைக் கேட்டிருந்தால் உருளைக்கும் உறைக்கும் கொடுத்த 1,900 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

கம்பி ஓடத் தொடங்கியதும் மின்சாரம் நின்றது. 140 ஆம்பியரில் மிக் இயந்திரம் வீட்டு இணைப்பிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. 16 ஆம்பியர் தடுப்பான் (பிரேக்கர்) மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை விழுந்தது. மின்பணியாளரை அழைத்து, மீட்டர் பலகையிலிருந்து 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் தனி இணைப்பும் 32 ஆம்பியர் தடுப்பானும் போட்டதில் 3,200 ரூபாய் ஆனது. மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் நாட்களில் இயந்திரத்தைத் தொடுவதில்லை என்றும் தீர்மானித்துக்கொண்டேன். ஏனெனில் ஒரே அமைப்பில் காலையில் ஓடிய பற்றவைப்பு மாலையில் ஓடாது. குறை கையிலா இயந்திரத்திலா என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். 3 மி.மீ. தகட்டுத் துண்டுகளில் ஸ்பூல் கன் நன்றாகவே ஓடியது. டார்ச்சை ஓடும் திசைக்கு எதிர்ப்புறம் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து, இழுக்காமல் தள்ளிக்கொண்டே போனால், பளபளப்பான ஒரு பற்றவைப்பு வரி கிடைத்தது. மேலே படியும் கரிய பூச்சு 5356 கம்பியிலுள்ள மெக்னீசியம் எரிந்து படிவது. துணியால் துடைத்தால் போய்விடும். அந்த மகிழ்ச்சியில் 2 மி.மீ. குழாயின் இணைப்புக்குப் போனேன். முதல் 20 மி.மீ. தூரத்துக்கு உலோகம் உருகாத குழாயின் மேல் பிசைந்த மாவு போல உட்கார்ந்தது. அடுத்த 10 மி.மீ.யில் திடீரென்று எல்லாம் சரியானது. அதற்கடுத்த 5 மி.மீ.யில் குழாய் உள்ளே விழுந்து ஓட்டையானது. ஆம்பியரைக் கூட்டினால் ஓட்டை முன்னதாகவே வந்தது. குறைத்தால் மாவு கடைசிவரை நீண்டது.

அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே தொடக்கத்தில் ஆர்க் (உலோகத்தை உருக்கும் மின்சுடர்) கொடுக்கும் சூட்டையெல்லாம் குளிர்ந்த குழாய் இழுத்துக்கொள்கிறது. சிறிது நேரத்தில் துண்டு முழுவதும் சூடேறிவிட, அதே ஆம்பியர் அதிகமாகிவிடுகிறது. நீண்ட வரியில் இந்த இரண்டுக்கும் நடுவே நல்ல பகுதி தாராளமாகக் கிடைக்கும். என் இணைப்போ ஒரு பக்கத்துக்கு 38 மி.மீ. நீளம்தான். அதாவது கெட்ட தொடக்கமும் கெட்ட முடிவும் மட்டுமே கொண்ட, நடுவே இல்லாத வரி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பார்வைக்கு ஓரளவு நன்றாக இருந்த ஓர் இணைப்பை வைஸில் கடித்துச் சுத்தியலால் தட்டியபோது, மாவு போல உட்கார்ந்த பகுதி பிளாஸ்திரி உரிவது போலத் துண்டாகக் கழன்று வந்தது. அடியில் குழாயின் அசல் பளபளப்பு கெடாமல் இருந்தது. அப்பாவை ஏற்றப்போகும் பொருள் என்பதால் அன்றோடு குழாய்களில் மிக்கை நிறுத்தினேன்.

பயன்படுத்திய ஏ.சி.–டி.சி. டிக் இயந்திரம் ஒன்று, 200 ஆம்பியர் திறனுடையது, 34,000 ரூபாய்க்குக் கிடைத்தது. டி.சி. மட்டும் தரும் டிக் இயந்திரங்கள் மலிவு. ஆனால் அவை இந்த வேலைக்கு உதவா. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, அதன் மேலுள்ள ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். மாறுதிசை மின்னோட்டத்தில் (ஏ.சி.) ஒரு பாதிச் சுழற்சி அந்தப் படலத்தை உடைக்கிறது, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது. என் இயந்திரத்தில் உருக்கும் பாதிக்கு 70 விழுக்காடும் சுத்தம் செய்யும் பாதிக்கு 30 விழுக்காடும் ஒதுக்கி, அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸில் வைத்தேன். நீலநிற நுனியுள்ள 2.4 மி.மீ. டங்ஸ்டன் முனை, ஏழாம் எண் பீங்கான் மூக்கு, ஆர்கான் நிமிடத்துக்கு 8 லிட்டர், 2 மி.மீ. குழாய்க்கு 90 ஆம்பியர் என்பவை பல துண்டுகளைக் கெடுத்த பின் நிலைத்த அளவுகள். மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியர் என்ற நடைமுறைக் கணக்கோடு இது ஒத்துப்போகிறது. குழாயின் உள் வெற்றிடம் சூட்டை எளிதில் விடாததால் மூலைகளில் 75 ஆம்பியருக்கு இறக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் டிக் பயிற்சி வெட்கப்படத்தக்கதாக இருந்தது. இடக்கையில் நிரப்புக் கம்பி, வலக்கையில் டார்ச், இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர். கவனம் ஒரு கணம் தவறினால் டங்ஸ்டன் உருகிய குட்டையில் முங்கிவிடும். முங்கியதும் நுனியில் அலுமினியம் உருண்டையாக ஒட்டிக்கொள்ள, ஆர்க் குடித்தவன் நடையாகத் தள்ளாடும். அன்று பதினேழு முறை டங்ஸ்டனின் நுனியைத் தீட்டினேன். தீட்டும் கல்லை இரும்புக்குப் பயன்படுத்திய கல்லிலிருந்து பிரித்து வைத்ததும், மூன்று டங்ஸ்டன்களை முன்கூட்டியே தீட்டி அருகில் வைத்துக்கொண்டதும் இரண்டாம் நாளில் பெரிய வசதியாக இருந்தன. முங்கினால் மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். தீட்டுவதை மொத்தமாகப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

குட்டை எப்போது உருவாகிறது என்பதைக் கண் பழக ஒரு வாரம் ஆனது. இரும்பு சிவக்கும், ஆரஞ்சாகும், எச்சரித்துவிட்டு உருகும். அலுமினியம் நிறம் மாறுவதே இல்லை. மேற்பரப்பு சற்று மங்கி, பிறகு பாதரசம் போலக் கண்ணாடிப் பளபளப்பு வருகிறது, அதுதான் குட்டை. அந்தப் பளபளப்பு வந்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். அதற்கு முன் தொட்டால் கம்பி உருண்டையாகி மேலே நிற்கும். என் குழாயைப் போன்ற 6063 அலுமினியக் கலவைக் குழாயைக் கம்பியே இல்லாமல் உருக்கி ஒட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நானும் செய்தேன்; ஆறும்போதே நடுவே மயிரிழை விரிசல் ஓடியது. இந்தக் கலவைக்கு நிரப்புக் கம்பி கட்டாயம். 4043 விரிசலுக்கு அஞ்ச வேண்டாத கம்பி, எளிதாகவும் ஓடும். நான் 5356-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் இணைப்பு வெட்டுவிசையை (இணைப்பைக் கத்தரிப்பது போல அறுக்கப் பார்க்கும் விசையை) கூடுதலாகத் தாங்குவதுதான்.

சுத்தம் செய்வதில் ஒரு பாடம் எனக்குக் கோவையின் கணபதிப் பகுதியில் கிடைத்தது. ரேடியேட்டர்களுக்கு ஆர்கான் வெல்டிங் செய்யும் முதியவர் ஒருவரிடம் என் மாதிரித் துண்டைக் காட்டினேன். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் நிறைந்திருந்தன. எப்படித் துடைக்கிறேன் என்று கேட்டார். ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு அசிட்டோனால் துடைக்கிறேன் என்றேன். "தம்பி, அழுக்கத் தேச்சு உள்ள எறக்கிப்போட்டு அப்புறம் தொடச்சா எப்படிங்க வரும்? மொதல்ல தொடைங்க, அப்புறம் பிரஷ் போடுங்க" என்றார். வரிசையை மாற்றியதும் புள்ளிகள் பெருமளவு குறைந்தன. அந்தத் துருப்பிடிக்காத எஃகுப் பிரஷ்ஷில் சிவப்பு நாடா கட்டி, வேறெதற்கும் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறேன். நிரப்புக் கம்பியையும் அசிட்டோன் துணியில் ஒரு முறை உருவிவிடுவது வழக்கமாகிவிட்டது. அசிட்டோன் முழுவதும் ஆவியாகி, டப்பா அறைக்கு வெளியே போன பிறகே ஆர்க். பிரேக் துடைக்கும் தெளிப்பான்களைச் சிலர் இதற்குப் பயன்படுத்துவதுண்டு, அவற்றில் குளோரின் கரைப்பான் இருந்தால் ஆர்க்கின் சூட்டில் நச்சுவாயு உண்டாகும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குழாய் மட்டும் அடங்கவில்லை. ஆர்க் ஓரிடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் துள்ளியது; குட்டை உருவானாலும் மேலே ஒரு சவ்வு மிதந்தது. அரை நாள் இயந்திரத்தின் அளவுகளைத் திருகித் தீர்த்த பிறகுதான் குழாயைச் சந்தேகித்தேன். ஜன்னல் சட்டங்கள் விற்கும் கடையில் மூன்று நீளங்கள் வாங்கியபோது, கடைசி நீளம் இருப்பில் இல்லையென்று கடைக்காரர் வேறொரு அடுக்கிலிருந்து எடுத்துத் தந்திருந்தார். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதன் மேற்பரப்பில் மெல்ல வைத்தால் ஒலி எழவில்லை. மற்ற இரண்டிலும் எழுந்தது. அது ஆனோடைஸ் செய்த குழாய், அதாவது மின்சாரத்தின் உதவியால் மேலே கனமான ஆக்சைடுப் படலம் ஏற்றியது. இயல்பான ஆக்சைடு சில நானோமீட்டர் கனம்தான். ஆனோடைஸ் படலமோ மைக்ரான் கணக்கில் இருக்கும், மின்சாரத்தையும் கடத்தாது. 80 எண் உப்புத்தாள் மடிப்பு வட்டால் இணைப்பைச் சுற்றி 25 மி.மீ. அகலத்துக்குத் தேய்த்தெடுத்ததும் அதுவும் மற்றவற்றைப் போல அடங்கியது. இப்போது கடைக்குப் போகும்போது மல்டிமீட்டர் சட்டைப் பையில் இருக்கிறது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஆனி, ஆடி மாதங்களில் கோவைக்குள் நுழையும் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆர்கான் நிச்சயமாகப் பறக்கும். கார் நிறுத்தும் கொட்டகையில் தார்ப்பாய் கட்டிப் பார்த்தேன்; தார்ப்பாயே படபடத்துக் காற்றைக் கிளப்பியது. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யவும் தயக்கம்: ஆர்கான் காற்றைவிடக் கனமானது, அடைத்த அறையில் தரையோடு தேங்கிப் பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும், அலுமினியத்தின் மீது எரியும் ஆர்க் ஓசோனையும் உண்டாக்கும். கடைசியில் காலை ஐந்து மணிமுதல் ஏழரை மணிவரை என்று நேரத்தை மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் காற்று ஓய்ந்திருக்கும், மின்னழுத்தமும் 235 வோல்ட்டுக்குக் குறையாது, வியர்வையும் குறைவு. வியர்வை ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஈரம் ஆர்க்கில் பிரிந்து ஹைட்ரஜனாகி, உருகிய அலுமினியத்தில் கரைந்து, உறையும்போது வெளியேற இடமின்றிக் குமிழித் துளைகளாகத் தங்கிவிடுகிறது. மின்விசிறியைப் போட்டுக்கொண்டு செய்த ஓர் இணைப்பை அறுத்துப் பார்த்தபோது ஆப்பத்தின் நடுப்பகுதி போல இருந்தது.

முழுக்கைச் சட்டையின் மேல் பொத்தானைப் போடாமல் வேலை செய்த முதல் வாரத்தில் கழுத்து வெந்து தோலுரிந்தது. பளபளப்பான அலுமினியம் ஆர்க்கின் ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பி, முகக்கவசத்தின் அடிவழியாகக்கூட ஏற்றுகிறது. பருத்தித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். முகக்கவசக் கண்ணாடியை 11ஆம் எண் இருளில் வைத்தேன்.

இருபது இணைப்புகளையும் முடிக்க எட்டுக் காலைகள் பிடித்தன. ஒவ்வொன்றிலும் மேல்பக்கமும் இரு பக்கவாட்டும் மட்டுமே பற்றவைத்தேன். அடிப்பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 6063 குழாயின் வலிமை தொழிற்சாலையில் செய்த வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. பற்றவைத்த இடத்திலிருந்து ஏறக்குறைய 25 மி.மீ. தூரம்வரை அந்தப் பதம் கலைந்து, வலிமை பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. சாய்தளத்தில் எடை ஏறும்போது நெடுஞ்சட்டத்தின் அடிப்பக்கமே இழுபடுகிறது. அங்கே குறுக்காக ஒரு வரி ஓட்டினால், அதிகம் உழைக்கும் இடத்தை நானே மெலியச் செய்ததாகிவிடும். இரும்பில் பழகிய கை நான்கு பக்கமும் சுற்றி ஓட்டத்தான் துடித்தது. மேலதிகப் பற்றவைப்பு இங்கே பலம் சேர்ப்பதில்லை என்று ஒவ்வோர் இணைப்பிலும் எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

முனைகளை மூடித் தகடு வைத்தபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. மூடிய குழாயின் கடைசி மில்லிமீட்டரை அடைக்கும் தருணத்தில் குட்டை வெளிப்புறமாகக் குமிழ்ந்து 'டப்' என்று வெடித்தது. உள்ளே சூடாகி விரிந்த காற்று போக வழியில்லாமல் உருகிய இடத்தின் வழியே வந்திருக்கிறது. கம்பியை இன்னும் வைத்து அடைத்தேன், இன்னும் வெடித்தது. 3 மி.மீ. துரப்பணத்தால் அடிப்பக்கத்தில் ஒரு மூச்சுத்துளை போட்டதும் சாதுவாக மூடிக்கொண்டது.

வரி முடியும் இடத்தில் ஆர்க்கைச் சட்டென்று நிறுத்தினால், கடைசிக் குழியில் நட்சத்திர வடிவ விரிசல் விழுகிறது. காலால் அழுத்தும் மிதி என் இயந்திரத்துடன் வரவில்லை என்பதால், விசையை விட்ட பிறகு நான்கு வினாடிகளில் மின்னோட்டம் படிப்படியாக இறங்கும்படி அமைத்து, அந்த நான்கு வினாடிகளிலும் கம்பியை ஊட்டிக் குழியை மேடாக்கினேன். அதன் பின்னும் ஆர்கான் ஆறு வினாடி ஓடும்வரை டார்ச்சை நகர்த்தக்கூடாது. முதல் நான்கு இணைப்புகளை இந்தப் பழக்கம் வருமுன் செய்தேன். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தகட்டைச் சட்டத்துடன் இணைக்கவும், விளிம்புக் கோணங்களைப் பொருத்தவும் மிக்கையே மீண்டும் எடுத்தேன். இங்கே வரிகள் நீளமானவை, தகடு 3 மி.மீ.; ஸ்பூல் கன்னுக்கு உகந்த இடம். குளிர்ந்த தொடக்கத்துக்கு ஒரு வழி கண்டேன்: விளிம்பை ஒட்டி ஒரு கழிவுத் துண்டைக் கவ்வி வைத்து, ஆர்க்கை அதன் மேல் தொடங்கி, சூடேறியதும் வேலைக்குள் நுழைவது. மாவு முழுவதும் கழிவுத் துண்டில் தங்கிவிடும். 115 ஆம்பியர், 19 வோல்ட், ஆர்கான் 15 லிட்டர், 40 மி.மீ. நீள வரிகள், 150 மி.மீ.க்கு ஒன்று. வேகத்தில் டிக் இதன் அருகே நிற்க முடியாது. அன்று ஒரு காலையிலேயே எல்லாம் முடிந்தது.

முடிந்ததும் கவ்விகளைக் கழற்றினேன். தகடு பெருமூச்சு விடுவது போல மெல்ல எழும்பியது. நூலைப் பிடித்து அளந்தால் 9 மி.மீ. வளைவு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிந்து சுருங்குகிறது. நானோ ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை வரிசையாக ஓட்டியிருந்தேன். நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போயிருக்க வேண்டும். இரண்டு மரக்கட்டைகளின் மேல் கவிழ்த்து, மூன்று பேர் ஏறி நின்று மிதித்ததில் வளைவு 3 மி.மீ.க்கு வந்தது. அதற்கு மேல் மிதிக்க இணைப்புகளை நினைத்து மனம் வரவில்லை. உண்மையில் இந்தத் தகட்டைப் பற்றவைத்திருக்கவே வேண்டியதில்லை. 4.8 மி.மீ. பாப் ரிவெட்டுகள் அறுபது அடித்திருந்தால் வளைவும் இல்லை, சட்டத்தின் பதமும் கலையாது, அரை நாளில் முடிந்திருக்கும். இயந்திரம் கையில் இருந்ததால் வந்த வினை.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். குழாய், தகடு, கோணம் எல்லாமாக 7,600. ஆர்கான் மூன்று முறை நிரப்ப 2,550. மிக் கம்பிச் சுருள்கள் மூன்றுக்கு 1,650. டிக் நிரப்புக் கம்பி ஒரு கிலோ 900. டங்ஸ்டன் பத்து 1,300. அசிட்டோன், பிரஷ், தேய்ப்பு வட்டுகள் 1,100. உருளை, உறை, நுனிகள் 1,900. மின் இணைப்பு 3,200. இயந்திரத்தைச் சேர்க்காமலே 20,200 ரூபாய். பட்டறை கேட்டது 16,000. இந்த ஒரு பொருளுக்காக மட்டும் யாராவது இந்த வழியில் இறங்க நினைத்தால் வேண்டாம் என்றே சொல்வேன். முதலிலேயே டிக் இயந்திரத்துக்குப் போயிருந்தால் ஐயாயிரம் வரை குறைந்திருக்கும். மெல்லிய குழாய்களுக்கும் நீளம் குறைந்த இணைப்புகளுக்கும் அதுவே, 3 மி.மீ.யும் அதற்கு மேலும் கனமுள்ள தகட்டின் நீள வரிகளுக்கே ஸ்பூல் கன் என்பது என் இப்போதைய கணக்கு.

மார்கழியில் சாய்தளத்தைக் கவிழ்த்து, டார்ச் விளக்கடித்து, இருபது இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதல் நான்கில் இரண்டில், வரி முடிந்த குழியிலிருந்து 4 மி.மீ. நீளத்துக்கு மயிரிழை விரிசல். மற்ற பதினாறும் சுத்தம். விரிசலின் மேல் அப்படியே உருக்கினால் அது அடியில் ஒளிந்துகொள்ளும் என்பதால், சிறு கார்பைடு துருவியால் விரிசல் மறையும்வரை தோண்டி, துடைத்து, பிரஷ் போட்டு, மீண்டும் பற்றவைத்தேன். மூன்று கேன்களோடு தொடங்கி ஏழு கேன்கள்வரை ஏற்றிச் சோதித்த பிறகே மறுபடியும் வாசலில் போட்டோம்.

மீதமிருப்பது நாக்கு. சாய்தளத்தின் மேற்பகுதி 15க்கு 1 என்ற அளவில் மெதுவாக ஏறுகிறது, 20 செ.மீ. நாக்கு மட்டும் 5க்கு 1 என்று செங்குத்தாக இருப்பதால், நாற்காலியின் சிறு முன்சக்கரங்கள் அதில் ஏறும்போது ஒரு குலுக்கல் வருகிறது. அப்பா ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அந்த இடம் வரும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்கிறார். 45 செ.மீ. நீளத்தில் புதிய நாக்கு ஒன்றைத் தனித் தகட்டில் செய்து, கீல் வைத்து, இந்த முறை ரிவெட்டிலேயே பொருத்தப்போகிறேன். கீலின் இரு முனைகளில் மட்டும் டிக்கில் நான்கு சிறு வரிகள் தேவைப்படும். சிலிண்டரில் 40 பார் காட்டுகிறது. 8 லிட்டர் வீதம் ஐம்பது நிமிடம் வரும், அதற்குப் போதும்.